பீடத்துக்குப் போகாத பூக்கள்

மிசே அந்துவான் காலமான செய்தி வந்தபோது நான் அவருடைய தோட்டத்தில்தான் நின்றிருந்தேன். காலை ஆறரை மணி இருக்கும். மாசி முடியப்போகிறது, ஆனாலும் இலையெல்லாம் பனி. ஒரு கையில் தண்ணீர்க் குழாய், இன்னொரு கையில் செல்போன். அவருடைய அக்கா மகள் எலிசபெத் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். "மாமா போயிட்டாரு டீச்சர்" என்றாள். "சரிம்மா" என்றேன். செம்பருத்திப் பாத்தி நிரம்பித் தண்ணீர் என் காலில் ஏறும்வரை குழாயை மூடத் தோன்றவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்குச் சின்னதாக ஒரு நினைவு மலர் அச்சடிக்கிறோம், இருபது வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தவர் நீங்கள், நாலு வார்த்தை எழுதுங்கள் என்று தேவாலயப் பங்குக்காரர்கள் கேட்டார்கள். கேட்டவர்களில் பாதிப் பேருக்கு என்மேல் கோபம் இருப்பது எனக்குத் தெரியும். அடக்கத்தன்று பெட்டியின்மேல் வைக்கப் பூ வேண்டுமென்று நான்கு பேர் கூடையோடு வந்தார்கள். நான் கேட்டை மறித்துக்கொண்டு ஒரு பூவும் பறிக்கக்கூடாது என்றேன். "அவரு வளத்த பூவ அவருக்குப் போடக்கூடாதுன்னு சொல்ல நீங்க யாரும்மா?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். நான் கேட்டின் கொண்டியை விடவில்லை. ஊருக்கெல்லாம் பூக் கொடுத்த மனிதர் மார்க்கெட்டில் வாங்கிய மாலையோடு போனார். அன்று சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன். அஞ்சலி கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும். நான் செய்த அசிங்கத்தைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத எனக்கு வழியில்லை.

முதலியார்பேட்டையில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு மதில்தான். பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். தெருவுக்கே அவர் 'மிசே'தான், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். காலையில் கதவைத் திறந்ததும் பார்க்கிற எல்லோருக்கும் ஒரு 'பொன்ழூர்' உண்டு. எனக்கு, பால்காரருக்கு, பப்பாளி மரத்தில் தலையாட்டும் ஓணானுக்கு. "அதுக்கும் வணக்கம் சொன்னாத்தான் மரியாதை, டீச்சர். அதுங்க வீட்லதான நாம குடியிருக்கோம்" என்பார். இந்த மனுஷருக்கு வேறு வேலை இல்லை என்று ஆரம்பத்தில் எனக்குச் சிரிப்புதான்.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் தோட்டத்துப் பூ கோயிலுக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பீடத்தில் இருப்பதெல்லாம் அவர் கை வளர்த்தவை. சாம்பல் புதன் வந்துவிட்டால் மட்டும் கத்தரியைத் துடைத்து எண்ணெய் போட்டு ஆணியில் மாட்டிவிடுவார். தவக்காலத்தில் பீடத்துக்குப் பூ கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. ஏன் மிசே எல்லாம் வீணாகிறதே, ஒரு கை பறித்துக் கொடுங்களேன் என்று ஒரு வருஷம் கேட்டேன். "கரேம்ல சாமியே பூ வேணாம்னுட்டாரு. இந்த நாப்பது நாள் பூ தோட்டத்துக்கு" என்றார். கரேம் என்பது தவக்காலத்துக்கு அவர் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவந்த பிரெஞ்சுப் பெயராம்.

அந்த நாற்பது நாளில் அந்தத் தோட்டத்தைப் பார்க்க வேண்டும். பின்பனி விலகாத நேரத்தில் மாம்பூவில் தேனீ இறங்கும். கடைசி டிசம்பர் பூக்கள் தரையெல்லாம் ஊதாவாகக் கிடக்கும். செம்பருத்தி மொட்டை அணில் இரண்டு கையாலும் பிடித்துத் தின்னும். அவர் விரட்டமாட்டார். கிணற்றடியில் ஒரு கீரிப்பிள்ளை குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, என் பக்கத்து மதில் முழுக்க ஓர் ஆரஞ்சுக் கொடி. பெயர் அவருக்கே தெரியாது. அவருடைய அம்மா எங்கிருந்தோ ஒரு குச்சியாகக் கொண்டுவந்து வைத்தது. நீளக் குழல் குழலாக, கொத்துக் கொத்தாக, இலையே தெரியாமல் பூக்கும். தேன்சிட்டு வந்து தலைகீழாகத் தொங்கிக் குடிக்கும். முதலியார்பேட்டையில் வேறு வீட்டில் அந்தக் கொடியை நான் பார்த்ததில்லை.

சுனாமி வந்த அடுத்த வருஷம் அது. காரைக்காலில் அவருடைய அக்கா வீட்டுக்குள் கடல் புகுந்து பாத்திரம் பண்டம் எல்லாம் போய்விட்டது. தவக்காலம் ஆரம்பித்த வாரத்தில் மிசே என்னிடம் வந்து, அக்காவோடு இரண்டு வாரம் இருந்துவிட்டு வருகிறேன், செடிக்குத் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள் என்று கேட்டுச் சாவியைக் கொடுத்தார். நான் நிம்மதியாகப் போய்வரச் சொன்னேன். அந்த மாதக் கடைசியில் என் மகள் சுமதிக்கு நிச்சயதார்த்தம்.

மாப்பிள்ளை வீட்டார் சென்னைக்காரர்கள், வசதியானவர்கள். வாசலில் வளைவு கட்டிப் பூக்காரர் சாமந்தி சுற்றியிருந்தார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என் கண் மதிலைத் தாண்டிப் போய்விட்டது. பள்ளிக்கூடத் தோட்டத்தில் 'பூக்களைப் பறிக்காதீர்' என்று என் கையால் பலகை எழுதி மாட்டியவள் நான். அவர் கொடுத்த சாவியால் அவர் கேட்டைத் திறந்து, அவர் எண்ணெய் போட்டு மாட்டிவைத்த கத்தரியை எடுத்து, கொடியை அடியிலிருந்து வெட்டினேன். பூவாக ஆய்ந்தால் நேரமாகும் என்று கொடியோடு இழுத்தேன். நாற்காலி போட்டு ஏறி, உச்சிவரை இழுத்தேன்.

வளைவில் சுற்றும்போதுதான் பார்த்தேன். கொடியோடு கூடவே ஒரு கூடு வந்திருந்தது. நாரும் சிலந்தி நூலும் காகிதத் துணுக்கும் வைத்துப் பின்னிய சின்னத் தொங்கு பை. மழை உள்ளே அடிக்காமலிருக்க வாசலுக்குமேல் ஒரு குட்டி இறவாரம்கூட வைத்திருந்தது. உள்ளே விரலை விட்டேன். சுண்டுவிரல் நகம் பருமனில் இரண்டு முட்டை, இன்னும் சூடு இருந்தது. மதில்மேல் தேன்சிட்டு இரண்டும் கத்திக்கொண்டு இங்கும் அங்குமாகப் பறந்தன. வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. கூட்டைச் செய்தித்தாளில் சுற்றி, எச்சில் இலை போடுகிற கூடைக்குள் அமுக்கிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு சம்பந்தியை வரவேற்கப் போனேன். சிரித்துக்கொண்டே போனேன். எழுதும்போதே கை கூசுகிறது.

மிசே திரும்பிவந்து கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் மொட்டை மதிலைப் பார்த்து நின்றார். அவர் என்னைக் கேட்கவே இல்லை. நானாக முந்திக்கொண்டு போய், வாக்கிங் போகிறவர்கள் வேலைதான், அந்த ராஜாமணியாகத்தான் இருக்கும் என்றேன். ராஜாமணி அடுத்த தெருவில் இருக்கிற அம்மாள். விடிகாலையில் மதிலுக்கு வெளியே தொங்குகிற பூவைப் பையில் பறித்துப்போய் முனைப் பிள்ளையாருக்குச் சாத்துவாள். மிசேயே அவளுக்காகச் சில கிளைகளை வெளியே வளைத்துவிட்டிருந்தார். அவர் மதிலையும் என்னையும் பார்த்தார். "அவங்களுக்கு அவ்ளோ உயரம் எட்டாதே, டீச்சர்" என்று மட்டும் சொன்னார். நான் அதோடு விட்டேனா? பொய் நிற்க வேண்டுமே என்று தண்ணீர்க் குழாயடியிலும் அதையே சொன்னேன். யாரோ ராஜாமணியை நடுத்தெருவில் நிறுத்தி, திருட்டுப் பூ எந்தச் சாமிக்கு ஆகும் என்று கேட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் எங்கள் தெருப் பக்கம் வரவில்லை.

ஈஸ்டர் கழிந்து ஒருநாள் மிசே, சுமதிக்கென்று ஒரு கேக் கொண்டுவந்தார். பெருமை தாங்காமல் நிச்சயதார்த்த ஆல்பத்தை எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டுக் காபி கலக்கப் போனேன். என் புத்தியை எதால் அடிப்பது? திரும்பி வந்தபோது அவர் இரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டிருந்தார். சுமதியும் மாப்பிள்ளையும் வாசலில் நிற்கிற படம். தலைக்குமேல் வளைவு முழுக்க ஆரஞ்சு. அவர் மீதிப் பக்கங்களையும் ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் பார்த்து முடித்தார். "பொண்ணு ரொம்ப நல்லா இருக்கா, டீச்சர்" என்றார். காபியை முழுவதும் குடித்துவிட்டுத்தான் போனார்.

திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், எனக்கு வாய் அப்படி. மறுநாள் காலையில் மதிலுக்கு அந்தப் பக்கம் வழக்கம்போலப் 'பொன்ழூர், டீச்சர்'. நான் அடுப்படியில் வேலை இருப்பதுபோல உள்ளே போய்விட்டேன். அப்படி எத்தனையோ காலைகள்.

அடுத்த வருஷம் சாம்பல் புதன் வந்தது. நெற்றியில் சாம்பலோடு, கையில் சாவியோடு வந்து நின்றார். காரைக்கால் போகிறாராம். வேறு யாரிடமாவது கொடுங்களேன் மிசே என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். "இந்தத் தோட்டத்துல என்ன போச்சுன்னு உங்களுக்குத் தெரியும். வேற யாருக்குத் தெரியும்?" என்றார். குத்திக்காட்டுகிற குரலில்லை. உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். சாவியை வாங்கிக்கொண்டேன். அன்றைக்காவது வாயைத் திறந்து, நான்தான் மிசே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வருஷமும் சொல்லவில்லை, அடுத்த வருஷமும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நாலு வருஷம் ஓட்டினேன். இந்த வருஷம் அவர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் சாவி என்னிடம்தான் வந்தது. பிறகு எலிசபெத்தின் போன் வந்தது.

இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும், அடக்கத்தன்று நான் ஏன் கேட்டை மறித்தேன் என்று. தவக்காலத்தில் அந்தப் பூ தோட்டத்துக்கு என்பது அவர் சொல். ஒருமுறை மீறியவள் நான். அவர் பெட்டிக்காக என்றாலும் இரண்டாம் முறை என் கண்முன் நடக்கக்கூடாது என்று நின்றேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. நாலு வருஷத்துக்கு முன் செய்ய வேண்டியதை, பார்க்க அவர் இல்லாதபோது செய்தேன்.

இதை எழுத உட்காருமுன் ராஜாமணி வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து துளசி ஆய்ந்துகொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், கூட்டையும் சேர்த்து. அவள் கை நிற்கவில்லை.

"தெரியும், டீச்சரம்மா. அந்த வருசமே பெரியவரு பூவோட வீட்டுக்கு வந்தாரு. பறிச்சது நீங்க இல்லன்னு எனக்குத் தெரியும்னாரு. யாருன்னு கேட்டேன். அவங்களே வந்து உங்ககிட்ட சொல்லுவாங்கன்னாரு."

நாலு வருஷம் அவர் அந்த நம்பிக்கையோடு இருந்திருக்கிறார். ராஜாமணிக்கு மாதம் ஒருமுறையாவது பூக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். போகும்போதெல்லாம், "அவங்க வந்தாங்களா?" என்று கேட்பாராம். ஒருநாள் வாய் தவறி, "டீச்சர் வந்தாங்களா?" என்று கேட்டுவிட்டாராம்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தச் சாவி. வீட்டுக்கு ஒரு வழி தெரியும்வரை என்னிடமே இருக்கட்டும் என்று எலிசபெத் சொல்லியிருக்கிறாள். அப்புறம் அந்தப் 'பொன்ழூர்'. காலையில் கேட்டைத் திறக்கும்போது ஓணானுக்குச் சொல்லிப் பார்க்கிறேன். இன்னும் நாக்குக் கூசுகிறது.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை காலையில் கேட்டைத் திறந்து வைப்பேன். கூடையோடு வந்த நால்வரும் வாருங்கள், பீடத்துக்கு வேண்டியதைப் பறித்துக்கொள்ளுங்கள். ராஜாமணி வருகிறேன் என்றிருக்கிறாள். முதல் பூ அவள் பறிக்கட்டும். ஆரஞ்சுக் கொடிப் பக்கம் மட்டும் யாரும் போக வேண்டாம். இந்த வருஷம்தான் பழையபடி மதில் முழுக்க ஏறியிருக்கிறது, அதில் ஒரு கூடும் இருக்கிறது. போன தடவை என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டால், டீச்சர்தான் வெட்டினாள் என்று சொல்லுங்கள்.