போடாத ஷூக்கள்

என் தங்கை புருஷனை முகத்துக்கு நேராக 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவேன். எழுதும்போது 'அவன்' போதும். அதுவே அதிகம் என்று நினைக்கிறேன்.

பிளம்பர். தொழிலில் அவனைக் குறை சொல்ல என்னாலேயே முடியாது, அதுதான் எரிச்சல். சுவரில் காதை வைத்து, எங்கே கசிகிறது என்று சொல்லிவிடுவான். குடிக்க மாட்டான், புகைக்க மாட்டான், சீட்டைத் தொட மாட்டான். "உங்க வீட்டு மாப்பிள்ளை தங்கமான மனுஷன்" என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குடிகாரனாக இருந்திருந்தால் தெருவே சேர்ந்து திட்டும். இவனைத் திட்ட நான் ஒருத்திதான்.

அவனுக்குப் பைத்தியம் ஷூ மேல்.

இத்தனைக்கும் அவன் காலில் ஷூவை யாரும் பார்த்ததில்லை. வேலைக்கு ரப்பர் செருப்பு. அதையும் வாசலிலேயே கழற்றிவிட்டு, பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, ஊரார் குளியலறைகளில் வெறுங்காலோடு தண்ணீரில் நிற்க வேண்டும். சாயங்காலம் பார்த்தால் பாதம் ஊறி, வெளுத்து, சுருங்கிப் போயிருக்கும். அந்தக் காலோடு நேரே ஷூக்கடைக்குப் போவான். அங்கே, "உக்காருங்க சார்" என்று குஷன் நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு ஆள் கீழே மண்டிபோட்டு அந்தக் காலைத் தன் தொடையில் எடுத்து வைத்துக்கொள்வான். நாள் முழுக்க "ஏம்பா பிளம்பர்" என்று கூப்பிடப்பட்டவனுக்கு அது எப்படி இருக்கும் என்று எனக்கும் புரிகிறது. புரிந்துவிட்டால் மன்னித்தே ஆக வேண்டும் என்று சட்டமா என்ன?

வாங்கிய ஷூவைப் போடவும் மாட்டான். அலமாரி முழுக்க அட்டைப்பெட்டி, லாஃப்ட் முழுக்க அட்டைப்பெட்டி. என் தங்கையின் துணிமணியெல்லாம் கட்டிலுக்கு அடியில் ஒரு சூட்கேஸில் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஒவ்வொன்றாக இறக்கி, துடைத்து, பாலிஷ் போட்டு, திரும்பக் காகிதம் சுற்றி உள்ளே வைப்பான். பெற்ற பிள்ளையைக் குளிப்பாட்டித் தூங்கவைக்கிறவன்கூட அவ்வளவு பதமாகச் செய்ய மாட்டான்.

"போட்டுக்கத்தானே வாங்கறீங்க? போடுங்களேன்" என்று ஒருமுறை கேட்டேன்.

"அதுக்குன்னு ஒரு நாள் வரணுங்கக்கா. சும்மா போட்டா தேஞ்சு போயிடும்."

என் தங்கை ஓர் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இஸ்திரி மெஷின் முன்னால் நிற்கிறவள். நிற்பதுதான் அவள் வேலை. குதிகால் வலி முற்றிப்போய், டாக்டர் இரண்டே விஷயம் சொன்னார்: ரொம்ப நேரம் நிற்கக் கூடாது, மெத்தென்று நல்ல ஷூ போட வேண்டும். இவள் பழைய தலையணையைக் கிழித்து, ஒரு துண்டு பஞ்சை வெட்டிச் செருப்பில் ஒட்டிக்கொண்டாள். நான் கத்தினால், "அவருக்கு அது ஒண்ணுதானேக்கா ஆசை, விடு" என்பாள். அவன் மேல் வரும் கோபத்தில் பாதி இவள் மேல்தான் வந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் என் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று அவனைக் கூப்பிட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு டப்பாவில் குழாய்க்குப் போடுகிற ரப்பர் வாஷர்கள் வாங்கி வைத்திருந்தேன். அவன் ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினான், பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"ரப்பர வாங்கி சேத்து வெக்கக் கூடாதுக்கா. சும்மா கெடந்தாலே செத்துடும். குழாய்ல கெடந்து வேலை செஞ்சாத்தான் நாள்பட நிக்கும்" என்று எனக்குப் பாடம் நடத்தினான். அவன் லாஃப்ட் அப்போது நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

நான் ஒரு பெரிய ஹோட்டலில் துணிக்கிடங்கைப் பார்த்துக்கொள்கிறேன். படுக்கை விரிப்பு, துண்டு, தலையணை உறை எல்லாம் என் பொறுப்பு. எங்கள் பிளம்பர் வேலையை விட்டுப் போனதும், மேனேஜரின் பின்னாலேயே அலைந்து இவனுக்காகப் பேசினேன். இவனுக்காக இல்லை, அவளுக்காக. நிரந்தர வேலை, மாதச் சம்பளம். விஷயத்தைக் கேட்டதும் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது மட்டும் கெடச்சா நான் வேலைய விட்டுடுவேன்க்கா. காலைல எந்திரிச்சுக் கால கீழ வெக்கவே பயமா இருக்கு" என்றாள். அவள் தன் வாயால் வலி என்று சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

மேனேஜரைப் பார்க்க வேண்டிய அன்று, பின் கேட் வழியாக வாருங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். மாப்பிள்ளைத் துரை முன்வாசல் வழியாக வந்தார். காலில் பழுப்பு நிறத் தோல் ஷூ, இருப்பதிலேயே விலை கூடியது. அந்த 'ஒரு நாள்' வந்துவிட்டதல்லவா!

பளபளவென்று துடைத்த தரையில் பாதி தூரம் வந்திருப்பான். 'பட் பட்' என்று சத்தம். பின்னால் திரும்பிப் பார்த்தால் வழி நெடுக, கருகிய ரொட்டியை உதிர்த்தாற்போல் கறுப்புப் பொடி. வருஷக்கணக்காகப் பெட்டிக்குள் கிடந்த ஷூவின் அடிப்பாகம் அத்தனையும் உதிர்ந்துகொண்டிருந்தது. இன்னும் நாலு எட்டு வைத்ததும் ஒரு கால் ஷூவின் அடி கழன்று தனியாகக் கிடந்தது. தரை துடைக்கிறவள் துடைப்பத்தோடு அவன் பின்னாலேயே வந்தாள். எனக்கு மானம் போயிற்று.

மேனேஜர் நல்ல மனிதர். சிரித்தார், ஆனால் துரத்தவில்லை.

"நான் உங்க ஷூவை வேலைக்கு எடுக்கலையே. மூணாவது மாடியில ஒரு பாத்ரூம்ல எங்கேயோ கசியுது, யாராலயும் கண்டுபிடிக்க முடியல. ரெண்டு மணிக்கு அந்த ரூம் காலியாகும், நாலு மணிக்கு அடுத்த ஆள் வந்துடுவாங்க. அதுக்குள்ள கண்டுபிடிங்க. வேலை உங்களுக்குத்தான்."

எனக்கு உயிர் வந்தது. சுவரில் காதை வைத்தால் முடிந்துபோகிற வேலை. அவனைக் கிடங்குக்குக் கூட்டிவந்து, விருந்தாளிகளுக்குக் கொடுக்கிற வெள்ளைத் துணிச்செருப்பை எடுத்துப் போட்டேன்.

"எங்கயும் போகாதீங்க. இங்கயே உக்காந்திருங்க."

அவன் அந்தச் செருப்பையே பார்த்தான். "இதப் போட்டுக்கிட்டு எப்படிக்கா மேல போறது?"

"வெறுங்கால்லதானே வேலை செய்யப் போறீங்க?"

"அது சரிதான்" என்று தலையாட்டினான். நம்பி, நான் மாடிக்கு விரிப்புகள் கொடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது நாற்காலி காலி. செத்துப்போன ஷூ மட்டும், என் சுத்தமான தலையணை உறை ஒன்றில் சுற்றப்பட்டு, மேஜை மேல் இருந்தது. போன் அடித்தேன், எடுக்கவில்லை.

இரண்டு மணிக்கு மேனேஜர் கேட்டார். வந்துவிடுவார் என்றேன். மறுபடி கேட்டார். வீட்டுக்குப் போனவருக்குத் திரும்பிவர பஸ் கிடைத்திருக்காது என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். அதற்குமேல் அவர் காத்திருக்கவில்லை, வெளியிலிருந்து ஒரு ஆளை வரவழைத்தார். அந்த ஆள் கசிவைக் கண்டுபிடித்தார்.

அடுத்த விருந்தாளியின் பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தபோது அவன் வந்தான். அதே முன்வாசல். காலில் புத்தம்புதுக் கறுப்பு ஷூ, கையில் காலிப் பெட்டி, முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"கடையில நம்ம சைஸ் இல்லன்னுட்டாங்கக்கா. குடோன்லேருந்து வரவழைச்சுக் குடுத்தாங்க. அவ்ளோ மரியாதையா உக்காரவெச்சுட்டாங்க, வேணாம்னு எப்படி எந்திரிச்சு வர்றது? சரி, எந்த ரூமு?"

"வேற ஒருத்தர் வந்து முடிச்சுட்டார். வேலையும் அவருக்கே."

"அவர் என்ன ஷூ போட்டிருந்தார்?" என்றான். கிண்டலுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

"ரப்பர் செருப்பு. அதையும் வாசல்ல கழட்டிப் போட்டுட்டுத்தான் உள்ள போனார்."

அவன் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டான். அழுவான் போலிருந்தது. எனக்குத் துளியும் இரக்கம் வரவில்லை. இன்றுவரைக்கும் வரவில்லை.

தங்கைக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. போனை எடுத்தவள், இஸ்திரி மெஷின் சீறுகிற சத்தத்துக்கு நடுவில், "கெடச்சுடுச்சாக்கா?" என்று கேட்டாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவனைத் திட்ட வைத்திருந்த வார்த்தைகளையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அந்தப் பக்கம் மெஷின் இரண்டு தடவை சீறி ஓய்ந்தது.

"புது ஷூவாச்சே," என்றாள். "அவரு காலக் கடிக்கலையே?"

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"சரிக்கா, துணி வண்டி வந்துடுச்சு, வெக்கிறேன்" என்று அவள் வைத்துவிட்டாள். ஷிஃப்ட் முடிய இன்னும் வெகுநேரம் இருந்தது. நின்றுகொண்டேதான் முடிப்பாள்.