கண் திறந்த படம்

ஓவியத்தை நான் யாரிடமும் படித்ததில்லை. அம்பிட்டியவில், வாடகை அறையில், கந்தோர் வேலை முடிந்து வந்த பொழுதுகளில் நானாகப் பழகியது. வரைவதெல்லாம் பெண்கள்தான். ஆனால் பார்த்தவுடன் இன்னாரென்று சொல்லிவிட முடியாது. முதுகு ஒரு பச்சை வளைவாக இருக்கும், இடுப்பு ஒரு மண்நிற முடிச்சாக இருக்கும்.

கண்டியில் எங்கள் மலையக ஆட்களின் சங்கம் நடத்திய கண்காட்சிக்குக் கொடுத்த படத்தில் கவிழ்ந்த தலை ஒன்று. அதன் குறுக்கே ஆழமாக ஒரு கோடு. தேயிலைக் கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்தி அழுத்தி அம்மாவின் உச்சந்தலையில் விழுந்த பள்ளம் அது. முகத்தை வேண்டுமென்றே விட்டிருந்தேன். தேயிலைப் பெட்டியிலும் கலண்டரிலும் எங்கள் பெண்கள் சிரித்துக்கொண்டே இருப்பதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்திருக்கிறது.

திறப்பு விழாவன்று காலை, ஹுன்னஸ்கிரியவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த அம்மாவை அழைத்துக்கொண்டு மண்டபத்துக்குள் போனேன். என் படத்துக்கு முகம் முளைத்திருந்தது. மீன் போல இரண்டு கண்கள், மூக்குத்தி, பொட்டு, சிவந்த உதட்டில் சிரிப்பு. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"யாரு இதச் செஞ்சது?" என்று கத்தினேன். எங்கள் தோட்டத்து லயத்தில் என்னைக் 'கொதிக்கிற கேத்தல்' என்பார்கள். அன்றைக்கு மூடியே பறந்துவிட்டது.

கோயில் வாகனங்களுக்கு வர்ணம் தீட்டும் அண்ணன் முன்னால் வந்தார். விழாவுக்குப் பெயர்ப்பலகை எழுத அழைக்கப்பட்டவர். முகத்தில் அத்தனை மகிழ்ச்சி.

"நான்தான் தங்கச்சி. மூஞ்சியையும் கண்ணையும் கடைசிக்கு விட்டிருந்தீங்க. நம்ம தொழில்ல சாமிக்குக் கண்ணக் கடைசியிலதானே தெறப்போம்? தலைவரும் சொன்னாரு. வெடிய எந்திரிச்சு, குளிச்சு, நல்ல நேரம் பாத்துத்தான் தெறந்தேன்."

அவர்மேல் பாய முடியவில்லை. அவருக்குத் தெரிந்த பெண் அம்மன் ஒருத்திதான். அவரை ஏவிய சங்கத் தலைவர்மேல்தான் பாய்ந்தேன். அவர் புடவைக் கடைக்காரர்; படத்துக்கு முகம் வைப்பதைக் கடை பொம்மைக்குச் சேலை மாற்றுவதுபோல நினைத்துவிட்டார்.

"மூஞ்சி இல்லாம எப்பிடிம்மா வெக்கிறது? வர்றவங்க பயந்துர மாட்டாங்களா?" என்றார்.

"அந்தத் தலையில கூடை இருந்தப்ப யாரும் பயப்படலியே!"

வர்ணம் கரைக்கும் டர்பன்டைன் போத்தலையும் துணியையும் எடுத்தேன். அண்ணன் பூசிய எனாமல் வர்ணம் இன்னும் காயவில்லை.

"ஐயோ, தெறந்த கண்ண அழிக்கக் கூடாது, பாவம்!" அண்ணன் பதறினார். அங்கிருந்தவர்களும் ஆமாம் போட்டார்கள். என் கை நின்றது. அம்மா கும்பிட்ட முகம் அல்லவா?

"இது எந்தக் கோயில் அம்மன்டி?" என்றார் அம்மா.

"நீதாம்மா."

"நானா? எனக்கு எப்படி இம்புட்டுக் கண்ணு வந்துச்சு?" சிரித்துக்கொண்டே கிட்டப் போய்ப் பார்த்தார். கோட்டின்மேல் விரலை ஓட்டினார். பிறகு தன் தலையைத் தடவினார். சிரிப்பு நின்றுவிட்டது. "இது நான்தான். மத்தது எவளோ. தொடைச்சு விடு."

துடைத்தேன். கண், பொட்டு, சிரிப்பு எல்லாம் துணியோடு வந்தன.

"அப்ப படத்த எறக்கிருங்க," என்றார் தலைவர்.

"நீங்களே எறக்குங்க," என்றேன்.

அம்மா கதிரையொன்றை இழுத்து வந்து படத்தின் கீழே போட்டு உட்கார்ந்தார். மாலை மண்டபத்தைப் பூட்டும்வரை, படத்தை இறக்க அந்தப் பக்கம் ஒருவரும் வரவில்லை.