யெஸ்டிக்கு இடது கால்

பட்டாபிக்கு மோட்டார் சைக்கிள் பைத்தியம் பிடித்தது நாற்பத்திரண்டு வயதில். மற்ற ஆண்பிள்ளைகளுக்கு மீசை முளைக்கும்போது பிடித்து, கல்யாணத்தோடு தெளிந்துவிடும் வியாதி அது. இவருக்குக் கல்யாணமாகி, பெண் பிறந்து, அவள் இரண்டாம் வகுப்புக்குப் போன பிறகு பிடித்ததால் கடைசிவரை தெளியவில்லை.

கல்கத்தா கார்டன் ரீச்சில் ரயில்வே தலைமை அலுவலகத்தில் அவருக்கு சர்வே பிரிவில் வேலை. புருலியா மலைப்பக்கம் புதிதாக ஒரு ரயில் பாதை போட முடியுமா என்று அளந்து பார்க்கும் உத்தியோகம். மாதத்தில் பாதி நாள் கூடார வாசம். செம்மண் மேடு, சால் மரக் காடு, மழை பெய்தால் ஆறு, பெய்யாவிட்டால் முழங்கால் மணல். ஆபீஸ் ஜீப் பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றுவிடும். 1990 கோடையில் ஒரு நாள், அப்படி நின்ற ஜீப்பை விட்டுவிட்டு வெயிலில் நடந்துகொண்டிருந்தவரைத் தாண்டி ஒரு பால்காரன் யெஸ்டியில் போனான். இரண்டு பக்கமும் பால் கேன் தொங்க, ஆற்று மணலை உழுதுகொண்டு இறங்கி, எதிர்க்கரை ஏறி, நீலப் புகை விட்டுவிட்டு மறைந்தான். பட்டாபி அந்தப் புகையை மோந்தபடி கொஞ்ச நேரம் நின்றார். அடுத்த மாதம் அவர் குவார்ட்டர்ஸ் மாடிப்படிக்கு அடியில் ஒரு புது யெஸ்டி நின்றது.

யெஸ்டியைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதில் உதைத்துக் கிளப்புகிற லீவரும் கியர் மாற்றுகிற லீவரும் ஒன்றுதான். அதுவும் இடது பக்கம். உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் கிக்கர். உதைத்துவிட்டு முன்னால் மடக்கினால் கியர். பழக்கமில்லாதவன் காலை வைத்தால் வண்டி கிளம்பாது, கணுக்கால்தான் கிளம்பும். பட்டாபி பத்து நாளில் பழகிக்கொண்டார். பழகியதும் ஒரு சட்டம் போட்டார்.

"இதோ பாரு காமு, இந்த லீவர்ல என் இடது காலத் தவிர வேற எவன் காலும் படப்படாது. கை மாறினா வண்டி கெட்டுப் போயிடும்."

"கைதானே மாறப்படாது? கால்னா சொல்றேள்," என்றாள் அவர் மனைவி காமு, கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே.

ஹவுரா ஸ்டேஷனில் பெட்ரோலை வடித்து, சாக்கு சுற்றி, வண்டியை ரயிலில் ஏற்றுவார். புருலியாவில் இறக்கிச் சாக்கை அவிழ்த்தால் இவருக்கும் ஏதோ அவிழ்ந்த மாதிரி இருக்கும். ஆபீசில் யாரிடமும் வாய் திறக்காத மனிதர், செம்மண் தடத்தில் தனியாகப் போகும்போது சத்தம் போட்டுப் பாடுவார். பின் சீட்டில் கம்பளி சுற்றிய, நிலம் அளக்கும் தியோடலைட், ஹாண்டிலில் காமு கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய். ஆற்று நடுவில் வண்டி நின்றால், பிளக்கைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, வாயால் ஊதி மாட்டுவார். ஒரே உதை. இரண்டு சைலன்சரும் தண்ணீரைக் கக்கிவிட்டுப் பேச ஆரம்பிக்கும். சித்திரை மாதம் மஹுவா பூ உதிர்ந்து கிடக்கும் வழியில் அந்தச் சத்தமும் அந்த வாசனையும் சேர்ந்து வந்தபோது, இதற்கு மேல் தனக்கு ஒன்றும் வேண்டாம் என்று அவர் நினைத்ததுண்டு. அப்படி நினைத்தது அவர் ஆயுளில் அங்கே மட்டும்தான்.

தொண்ணூற்றாறில் மைசூரில் யெஸ்டி தொழிற்சாலை மூடிவிட்டது. ஆபீசில் எல்லாரும் சின்ன ஜப்பான் வண்டிகளுக்கு மாறினார்கள். "பட்டாபி, லிட்டருக்கு என்ன கொடுக்கறது?" என்று கேட்பார்கள். "நீ போற வழிக்கு உன் வண்டி போறும். நான் போறது வழியே இல்லாத இடம்," என்பார். உதிரி பாகம் கிடைக்காமல் போனதும் ஹவுராவில் லேத் வைத்திருந்த பிஷு கைகொடுத்தான். இல்லாத சாமானை இரும்பிலிருந்து கடைந்து எடுத்துக் கொடுக்கும் மகராசன். அவன்கூட லீவரில் கால் வைக்கும்முன் பட்டாபி முகத்தைப் பார்ப்பான்.

வண்டிக்கு வருஷத்தில் இரண்டு பண்டிகை. செப்டம்பரில் விஸ்வகர்மா பூஜை: பிஷு பட்டறையில் லேத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி மாலை போட்டு, கிச்சுடி சாப்பிட்டு, வானம் முழுக்கப் பறக்கும் பட்டத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வருவார். பிறகு நவராத்திரியில் வீட்டில் ஆயுத பூஜை: சந்தனம், குங்குமம், முன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். மறுநாள் விஜயதசமி காலையில் வண்டியைக் கிளப்பி அந்தப் பழத்தை நசுக்க வேண்டும்.

"என் பிறந்த நாள் இவருக்கு ஒரு தடவைகூட ஞாபகம் வந்ததில்ல. இதுக்கு வருஷத்துல ரெண்டு பூஜை," என்று காமு மகள் மேக்னாவிடம் சொல்வாள். சொல்லிக்கொண்டே சந்தனத்தைக் குழைப்பாள்.

2001-ல் அந்த ரயில் பாதைத் திட்டத்தை மூடிவிட்டார்கள். பதினோரு வருஷம் அளந்த மண்ணில் ஒரு தண்டவாளமும் விழவில்லை. பட்டாபியை மேஜைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்ததும் உடம்பு கணக்குத் தீர்த்தது: முதலில் முதுகு, பிறகு இடது முழங்கால். மூட்டு தேய்ந்துவிட்டது, உதைக்கிற வேலை இனி வேண்டாம் என்று 2006-ல் டாக்டர் சொன்னார். பட்டாபி வீட்டுக்கு வந்து, வண்டிமேல் தார்ப்பாயைப் போர்த்தி, கயிற்றால் கட்டினார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை. மாடிப்படி இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டே இறங்குவார். ஆயுத பூஜைக்கு மட்டும் காமு தார்ப்பாயை விலக்கிப் பொட்டு வைப்பாள். பழத்தின்மேல் வண்டியை அவர் தள்ளி உருட்டுவார்.

2008 அக்டோபரோடு ரிடையர்மெண்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். டாலிகஞ்சில் வாங்கியிருந்த ஃபிளாட் மூன்றாம் மாடி. கீழே ஒரு சைக்கிள் நிறுத்தவும் இடமில்லை. வண்டியை என்ன செய்வது என்று பிஷுவிடம் கேட்டார்.

"பட்டாபி-தா, ஓடினா அது வண்டி. ஓடலைன்னா அது சாமான்," என்றான் பிஷு. "புருலியாவுல தபன் மஹதோன்னு ஒரு பள்ளிக்கூட வாத்தியார் ஓடற யெஸ்டி தேடறார். தசமி அன்னிக்குத் தங்கச்சி வீட்டுக்குக் கல்கத்தா வரார். கிளப்பிக் காட்டினா முழுசா எடுத்துண்டு போவார். கிளம்பலைன்னா நான் பிரிச்சுடறேன். என்கிட்ட நாலு யெஸ்டி உறுப்புக்காகக் காத்திண்டிருக்கு."

பிரிச்சுடறேன் என்றதும் பட்டாபி மனசுக்குள் வண்டியைப் பிரித்துப் பார்த்தார். டாங்க் ஒருவனிடம், சைலன்சர் ஒருவனிடம். இது முழுசாகப் போக வேண்டும், அதுவும் புருலியாவுக்கே போக வேண்டும். வேலைக்காலம் முழுவதும் ஒன்றும் கேட்காதவர் இந்த ஒன்றை மட்டும் கேட்டார், யாரிடம் கேட்பது என்று தெரியாமலே.

அங்கேதான் மனிதர் கோட்டை விட்டார். ஆபீஸில் ஒரு நாள் லீவு கிடைத்தது என்று டெம்போ வைத்து வண்டியை ஹவுராவுக்குக் கொண்டுபோனார். போன தேதி செப்டம்பர் பதினேழு, விஸ்வகர்மா பூஜை. பட்டறை வாசலில் வாழைக்கன்று, லேத்துக்கு மாலை, பிஷு புதுச் சட்டையில்.

"தாதா, இன்னிக்கு ஸ்பானரைத் தொடுவேனா? வருஷா வருஷம் வந்து கிச்சுடி சாப்பிடற ஆள் நீங்க!"

மாலையோடு வந்த வழியே வண்டி திரும்பியது. பிஷு நல்லவன், துர்கா பூஜைக்குப் பட்டறை மூடியதும் பையைத் தூக்கிக்கொண்டு நவமி அன்று மாலை கார்டன் ரீச்சுக்கே வந்துவிட்டான். வந்து பார்த்தால், வண்டி நெற்றியில் சந்தனமும் குங்குமமும். பட்டாபியின் ஸ்பானர் பெட்டி புத்தகங்களோடு பூஜையில்.

"நாளைக்குக் கார்த்தால வரைக்கும் தொடப்படாது," என்றாள் காமு.

"ஒரு கார்புரேட்டர் மட்டும் பார்க்கட்டுமேடி. நாளைக்குப் பத்து மணிக்கு அந்த வாத்தியார் வந்துடுவார்," என்று பட்டாபி கெஞ்சினார்.

"விஸ்வகர்மா பூஜையன்னிக்கு பிஷு தொட்டாரா? அவருக்கு ஒரு நியாயம், நமக்கு ஒண்ணா?"

பிஷு விழுந்து விழுந்து சிரித்தான். "போதி சொல்றது சரிதான், தாதா," என்று அண்ணி கட்சியில் சேர்ந்துகொண்டு சுண்டல் சாப்பிட்டு உட்கார்ந்திருந்தான். தசமியன்று அவனுக்கு ஊரில் துர்கையைக் கரைக்கும் விசர்ஜனம், வர முடியாது. போகும்போது காமுவிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னான். சுண்டலைப் பற்றியாக இருக்கும் என்று பட்டாபி நினைத்துக்கொண்டார். அவருக்கு வந்த எரிச்சலில் இரண்டு பூஜைகளின் மேலும் கோபம் வந்தது.

விஜயதசமி காலை. துர்கா பூஜைப் பந்தலில் டாக் மேளம் கொட்டிக்கொண்டிருந்தார்கள். காமு முன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்தாள். பட்டாபி பெட்ரோல் குழாயைத் திறந்து, வண்டிமேல் ஏறி உட்கார்ந்தார். ஏறுவதே ஒரு வேலையாக இருந்தது. லீவரை அழுத்தித் திருப்பினார். உதைத்தார். கால் பாதி தூரம்தான் போயிற்று. முழங்காலுக்குள் ஏதோ பளிச்சென்றது. மறுபடி உதைத்தார். ஒரு இருமல்கூட இல்லை. மூன்றாவது தடவை லீவர் திருப்பி அடித்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஹாண்டிலில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"களைச்சுப் போச்சு, காமு. பிஷுவே பிரிச்சு எடுத்துக்கட்டும். என்னால ஆகல."

மேக்னா அம்மாவைப் பார்த்தாள். "மா, இனஃப். சொல்லிடு."

காமு புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டிக்கு இடது பக்கம் வந்தாள். "நீங்க அப்படியே உட்கார்ந்துக்கோங்கோ. காலை மட்டும் நகர்த்துங்கோ."

அவர் நகர்த்தினார். காமு கார்புரேட்டர் பக்கம் குனிந்து எதையோ இரண்டு தடவை அழுத்தினாள். லீவரில் வலது காலை வைத்து இரண்டு முறை மெதுவாக, அவசரமே இல்லாமல் மிதித்தாள். மூன்றாவது முறை உடம்பு முழுவதையும் தூக்கிப் போட்டு உதைத்தாள். இரண்டு சைலன்சரும் ஒரு கனைப்புக் கனைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தன. மாடிப்படிக்கு அடியில் நீலப் புகை நிறைந்தது.

பட்டாபி நகர்த்திய காலைத் தொங்கவிட்டபடியே உட்கார்ந்திருந்தார்.

"லீவரை மடக்குங்கோ. கியர் போடுங்கோ. பழம் காத்திண்டிருக்கு."

பழம் நசுங்கியது. வண்டி ஓரடி முன்னால் வந்து நின்றது, உறுமிக்கொண்டு.

"எப்போலேர்ந்து?" என்றார்.

"ரெண்டு வருஷமா. வெள்ளிக்கிழமை தோறும் பதினோரு மணிக்கு, நீங்க ஆபீஸ் போனப்புறம் கிளப்பிடுவேன். பிஷுதான் கத்துக் கொடுத்தார். ஆயில் கலந்து பெட்ரோல் வாங்கிண்டு வரது மேக்னா. முதல் மாசம் கணுக்காலை உடைச்சுண்டேனே, குளியலறைல வழுக்கினதுன்னு சொன்னேனே, அது இதுதான்."

"பாடா முழுக்க, இந்தத் தெரு முழுக்கத் தெரியும், அப்பா. கீழ் வீட்டு மாஷிமா இந்தச் சத்தம் கேட்டுத்தான் உலை வைப்பா," என்றாள் மேக்னா.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"வேற கால் படப்படாதுன்னு சட்டம் போட்டிருந்தேளே. சொன்னா ரோஷம் வரும்." காமு தலைப்பை இடுப்பிலிருந்து எடுத்துவிட்டாள். பிறகு வண்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க அதுக்குத் தார்ப்பாய் போட்டுக் கட்டின அன்னிக்கு உங்க முகத்தைப் பார்த்தேன். எனக்குப் பயமா இருந்தது. அது நின்னு போனா நீங்களும் நின்னு போயிடுவேளோன்னு."

பட்டாபி அவள் காலைப் பார்த்தார். பதினெட்டு வருஷமாக இந்த வண்டியைத் தனி ஆளாகச் சுமந்ததாக நினைத்துக்கொண்டிருந்த மனிதர். நூறு வெள்ளிக்கிழமை. காமுவுக்கு வயது ஐம்பத்திரண்டு. அவள் முழங்காலும் வலிக்கிறது என்று எப்போதோ சொன்னதும், தான் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் தைலம் தடவிக்கோ என்றதும் இப்போது ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. இஞ்சினை அணைத்தார்.

தபன் மஹதோ பத்தே காலுக்கு வந்தார். ஒல்லி மனிதர், செருப்பில் செம்மண்ணோடு. லீவரை எப்படித் திருப்புவது என்று பட்டாபி சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, காமுவைக் கைகாட்டினார். காமு தன் அரைகுறை வங்காளத்தில் சொல்லிக் கொடுத்தாள். இரண்டு முறை மெதுவா, மூணாவது தடவை உதைக்கணும், கோபப்படக் கூடாது. வாத்தியார் அப்படியே செய்தார்.

வண்டி பந்தலைத் தாண்டி, கேட்டைத் தாண்டிப் போயிற்று. டாக் சத்தத்துக்கு நடுவே இரண்டு சைலன்சரின் குரல் கொஞ்ச தூரம் தனியாகக் கேட்டது. பிறகு கேட்கவில்லை. அழுதது காமுதான். படியில் உட்கார்ந்து, தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பட்டாபி கைப்பிடிச் சுவரைப் பிடித்து, காலை நீட்டி, மெதுவாக அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எந்தக் கால் வலிக்கறது உனக்கு?" என்று கேட்டார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் முதல் தடவையாக.

"வலதுதான்," என்றாள் காமு.