தடவிப் பார்த்து எடுத்த கார்

அப்பாவை வாரம் இருமுறை ஆம்பூரிலிருந்து வேலூருக்கு டயாலிசிஸுக்கு அழைத்துப் போகத்தான் கார் வாங்க நினைத்தேன். ஒரே விலையில் இரண்டு எஸ்யூவிகள். எதை எடுத்தாலும் ஏமாந்துவிடுவோமோ என்று சோறு இறங்கவில்லை.

டேனரியில் தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிப்பது என் வேலை. ஷோரூமிலும் கை தானாக சீட்டுக்குத்தான் போனது. முதல் ஷோரூம் வண்டியில் ரெக்சின். இரண்டாவதில் அசல் தோல், ஒரு தழும்புகூட இல்லை. முதலில் பார்த்த வண்டியின் பெயரைச் சொல்லி, அதைவிட இதுதான் பிடித்திருக்கிறது என்று புக் செய்யப் பேனாவை எடுத்தேன்.

விற்பனைப் பெண் தயங்கிக் கேட்டாள். "பின்னாடி யாரு சார் உக்காருவாங்க?"

"அப்பாதான்."

"அவர ஒருவாட்டி ஏத்திப் பாத்துட்டு கையெழுத்து போடுங்க சார்."

வாசலில் காத்திருந்த அப்பாவை அழைத்து வந்தேன். கதவைப் பிடித்துக் காலைத் தூக்கினார். எட்டவில்லை. மறுபடி தூக்கினார். முழங்கால் நடுங்கியது.

"பரவால்லடா, பழகிடும்" என்றார்.

நான் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினேன்.

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "நீங்க சொன்ன இன்னொரு வண்டி உயரம் கம்மி சார். அத எடுங்க."

ரெக்சின் வண்டியைத்தான் வாங்கினோம். அப்பா தானாகவே ஏறிக்கொள்கிறார். அவர் ஏறி முடிக்கும்வரை நான் சீட்டைப் பார்ப்பதில்லை, அவர் முழங்காலைத்தான் பார்க்கிறேன்.