செங்கமலம் டிராவல்ஸ்

"அலோ... அலோ... கடைசி சீட்டு வரைக்கும் கேக்குதுங்களா? கேக்கலன்னா கையத் தூக்குங்க."

கேட்காதவர் எப்படிக் கை தூக்குவார் என்று வேனில் யாரும் கேட்பதில்லை. மைக்கின் தலையை நகத்தால் தட்டி, ஊதி, தோள் துண்டால் துடைத்து, மறுபடி ஊதுகிறார் கொளஞ்சிநாதன். வேன் இன்னும் நெய்வேலி ஆர்ச்சையே தாண்டவில்லை. மாமல்லபுரம் போய்ச் சேரப் பாதி காலை ஆகும். ஆனாலும் மைக் அவர் கைக்கு வந்துவிட்டால் சுற்றுலா தொடங்கிவிட்டது என்றுதான் அர்த்தம்.

வயது அறுபத்தேழு. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். காடாம்புலியூர் முந்திரிக்காட்டில் கொட்டை பொறுக்கினார், சுரங்கத்தில் கான்ட்ராக்டில் மண் தள்ளினார், பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் டீ ஆற்றினார். பர்மனன்ட் வேலை கடைசி வரை கிடைக்கவில்லை. அதைச் சொல்லும்போதும் அவர் குரல் இறங்காது. "பர்மனன்ட் ஆனவன்லாம் ரிட்டயர்டு ஆகி வூட்டுல குந்திகினு இருக்கான். நான் இன்னும் டூட்டில இருக்கேன்." இன்றைக்கு அவருக்கு மந்தாரக்குப்பத்தில் மாடி வீடு, சொந்தமாக இரண்டு வேன். யாரிடமும் போய் நிற்காமல் சம்பாதித்தது. இரண்டு வேன் நெற்றியிலும் சிவப்பு எழுத்தில் ஒரே பெயர்: செங்கமலம் டிராவல்ஸ். செங்கமலம் அவர் மனைவி.

அவர் ஏறிப் போகும் வேனுக்கு ஓர் அடையாளம் உண்டு. கூரை மேல் ஒரு சங்கு. கோயில் சங்கு அல்ல. ஷிப்ட் மாறும்போது ஆலையில் அலறுமே, அந்தச் சங்கு. பழைய சாமான் கடையில் வாங்கி, பாட்டரியில் இணைத்து, சுவிட்சைத் தன் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். மற்ற டிராவல்ஸ்காரர்கள் ஆளைச் சேர்ப்பதற்குத் தெருத் தெருவாக அலைவார்கள். இவர் ஒரு தட்டுத் தட்டுவார். ஐஸ்கிரீம் தின்கிறவர், சிப்பி மாலைக்குப் பேரம் பேசுகிறவர், போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருப்பவர் எல்லாரும் போட்டது போட்டபடி வேனுக்கு ஓடி வருவார்கள். நெய்வேலி டவுன்ஷிப் ஜனங்களின் கால்கள் அந்தச் சத்தத்துக்குப் பழகியவை. ரிட்டயர்டு ஆகிப் பத்து வருடம் ஆனவர்கூட ஓடுவார். மாமல்லபுரத்துக் கடைக்காரர்கள் இவருக்குச் சங்குக்காரர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

சரித்திரம் சொல்வதில் அவருக்கென்று ஒரு வழி இருக்கிறது. ஐந்து ரதங்களுக்கு முன்னால் கூட்டத்தை நிறுத்தி, கையை மேலே தூக்கி, படிப்படியாகக் கீழே இறக்குவார்.

"இத அடியிலேர்ந்து கட்டல. மேலேர்ந்து வெட்டிகினே எறங்கியிருக்கான். நம்ம மைன்ஸ்ல எப்படி? மொதல்ல மேல் மண்ணு, அப்புறம் பென்ச்சு பென்ச்சா, படிக்கட்டாட்டம் கீழ. அதே வேலைதான். ஒரே ஒரு வித்தியாசம். நாம கரிய எடுத்துகினு பள்ளத்த வுட்டுட்டு வரோம். பல்லவன் கல்ல எடுத்துகினு கோயில வுட்டுட்டுப் போயிட்டான்."

இந்த இடத்தில் முதலில் சிரிப்பவர் செங்கமலம். எத்தனையோ வருடங்களாக ஒவ்வொரு டூரிலும் அதே இடத்தில், இப்போதுதான் கேட்பவர் போல, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. அவர் சிரித்ததும் கூட்டம் சிரிக்கும். எஞ்சினுக்குச் சாவி போல அந்தச் சிரிப்பு. கொளஞ்சிநாதன் கூட்டத்தைப் பார்த்துப் பேசினாலும் காது மட்டும் செங்கமலம் நிற்கும் பக்கம் இருக்கும்.

போன பொங்கலுக்குப் பிறகு அந்தச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வரத் தொடங்கியது. காரணம் தேவயானி.

தேவயானி மாமல்லபுரம் மீனவர் குப்பத்துப் பெண். நாற்பது வயதுக்குள். உப்புத் தண்ணீரில் ஊறிச் செம்பட்டையாகிப்போன தலைமுடி, கறுத்துப் பளபளக்கும் தோள். கடற்கரையில் சர்ஃபிங் சொல்லிக்கொடுக்கிறாள். நீளப் பலகையில் ஆளைப் படுக்கவைத்து, அலை வரும் நேரம் பார்த்துத் தள்ளிவிடுவதுதான் வேலை. முதலில் டவுன்ஷிப் பெண்கள் கரையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அடுத்த டூரில் ரிட்டயர்டு நர்ஸ் பட்டம்மாள் சுடிதார் கொண்டுவந்து, பலகையில் குப்புறப் படுத்து, கரை வரை கத்திக்கொண்டே வந்தார். அதற்கடுத்த டூரில் வேனில் ஏறும்போதே கேள்வி: "அண்ணே, தேவயானி இருக்குமில்ல?"

கொளஞ்சிநாதனுக்கு வயிறு எரிந்தது. வாய்விட்டே எரிந்தது.

"அந்தப் பொண்ணு என்னா சொல்லிக் குடுக்குது? படு, ஏந்திரி, வுழு. மூனே வார்த்த. எங்கிட்ட ஆயிரத்து முந்நூறு வருச சரித்திரம் இருக்கு."

"சரித்திரத்துல நனைய முடியாதுங்களே அண்ணே" என்றார் டிரைவர் ஜெயகணேஷ்.

தேவயானியிடம் மைக் கிடையாது. அலை இரைச்சலுக்கு மேலே அவள் குரல் கடைசி ஆள் வரை கேட்கிறது. அதுதான் அவரை அதிகமாக அறுத்தது. அதைவிடவும் ஒன்று. அவள் செங்கமலத்தை "யக்கா" என்று கூப்பிட்டாள். இவரைப் பார்த்து "தாத்தா, கொஞ்சம் நவுருங்க" என்றாள். இரண்டு வயதுதான் வித்தியாசம் புருசனுக்கும் பெண்டாட்டிக்கும். அன்று இரவுச் சாப்பாட்டில் அவர் இரண்டு முறை கேட்டார்: "எனக்குத் தாத்தா, உனக்கு யக்காவா?" செங்கமலம் குழம்பை ஊற்றிக்கொண்டே, "நீங்க தலைக்கு மை போட்டு மூனு மாசம் ஆச்சுல்ல" என்றார். மறுநாளே மை போட்டார். கறுப்புக் கண்ணாடி ஒன்றும் வாங்கினார்.

போன மாதம் அவர் ஒரு தப்புச் செய்தார். பெண்கள் எல்லாரும் தண்ணீரில். கரையில் கேட்பதற்கு ஆளில்லை. கிளம்ப இன்னும் நிறைய நேரம் இருந்தது. கொளஞ்சிநாதன் சுவிட்சைத் தட்டிவிட்டார். சங்கு அலறியது. அலையின் உச்சியில் இருந்தவர்கள்கூடப் பலகையை விட்டுக் குதித்து, சுடிதாரில் தண்ணீர் சொட்டச் சொட்ட மணலில் விழுந்தடித்து ஓடி வந்தார்கள். பட்டம்மாளின் மூக்குக்கண்ணாடியைக் கடல் கொண்டுபோயிற்று. வேனுக்குள் உட்கார்ந்து மணி பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. தேவயானி தூரத்தில் இடுப்பில் கை வைத்து நின்று, "இன்னாத்துக்கு இப்படி ஓடறாங்க?" என்று யாரையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

பட்டம்மாள் அதிகம் பேசவில்லை. "அண்ணே, இன்னொரு வாட்டி நேரத்துக்கு முன்னாடி சங்கு ஊதுனீங்கன்னா, எங்க பிளாக்குப் பொம்பளைங்க மொத்தமும் வேற வேன் பாத்துக்குவோம்" என்றார். அந்தப் பிளாக்குப் பெண்கள் இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை வேன் காலியாகத்தான் போகும். ஆனால் கொளஞ்சிநாதனுக்கு அதைவிடக் குத்தியது, பட்டம்மாள் பேசும்போது செங்கமலம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டதுதான்.

அந்த வாரமே வீட்டுப் பின்பக்கம் ஒரு பழைய இரும்புக் குழாய் வந்து சேர்ந்தது. அதன் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு, இரண்டு கைகளையும் பருந்து மாதிரி விரித்து, தினமும் விடிகாலையில் அதன் மேல் நிற்கத் தொடங்கினார் கொளஞ்சிநாதன். குழாய் இந்தப் பக்கம் உருளும். அவர் அந்தப் பக்கம் சாய்வார். கொடிக்கயிறு இல்லையென்றால் இடுப்பு என்றைக்கோ போயிருக்கும்.

"என்னாங்க பண்ணிகினு இருக்கீங்க?"

"இடுப்பு வலிக்கு. டாக்டர் சொன்னாரு."

"எந்த டாக்டர்?"

"புது டாக்டர்."

செங்கமலம் உள்ளே போனார். அவருக்கும் இப்போது போனில் நிறையப் பேச்சு. கதவை ஒருக்களித்துக்கொண்டு சிரிப்பு வேறு. யாரென்று கேட்டால், "பொன்னம்மா" என்று தங்கை பெயரைச் சொன்னார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ரதத்துக்கு முன்னால் கூட்டத்தை நிறுத்தும்போதே பட்டம்மாள் சொல்லிவிட்டார்: "அண்ணே, கல்லைச் சீக்கிரம் முடிச்சிடுங்க. கடலுக்குப் போவணும்." புதுக் கண்ணாடி வழியாக அவர் பார்த்த பார்வையே அதட்டலாக இருந்தது. கொளஞ்சிநாதன் வேண்டுமென்றே யானைக்கு ஒரு கதை, சிங்கத்துக்கு ஒரு கதை என்று இழுத்தார். "கோயில வுட்டுட்டுப் போயிட்டான்" என்று முடித்து, காதைச் செங்கமலம் பக்கம் கொடுத்தார். சிரிப்பு வரவில்லை. செங்கமலம் மரத்தடியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். சிரித்தது சுரங்கத்துக்கு நிலத்தைப் பறிகொடுத்த வளையமாதேவி ஊர்ச் சாமியம்மாள். அவரும் வேறு மாதிரி சிரித்தார். "எங்க நெலத்துலயும் ஒரு கோயில வுட்டுட்டுப் போயிருந்தா கும்புடவாவது போயிருப்பேன்."

தலசயனப் பெருமாள் கோயிலில் அவர் தன் பெரிய சரக்கை எடுத்தார். வெறுந்தரையில் படுத்திருக்கும் பெருமாளைக் காட்டி, பாற்கடலுக்குப் போக வழி வேண்டி இந்தக் கடலைக் கையாலேயே இறைத்த முனிவரின் கதையைச் சொன்னார். "நம்ம மைன்ஸ்லயும் ராத்திரி பகலா தண்ணிய எறைச்சிகினேதான் இருக்கோம். ஆனா நமக்கு மோட்டார் இருக்கு. அவுருக்குக் கைதான். கை ஓஞ்சிப்போறத பாத்துப் பெருமாளே எறங்கி வந்து, நீ போய் எனக்குச் சோறு கொண்டா, நான் எறைக்கறேன்னாரு." இந்தக் கதைக்கு எப்போதும் நாலு பேர் கண்ணைத் துடைப்பார்கள். இன்றைக்கு நாலு பேர் பையிலிருந்த சுடிதாரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

கடற்கரையில் சாப்பாடு முடிந்தது. வழக்கப்படி புளிசாதப் பாத்திரத்துக்கும் செருப்புகளுக்கும் செங்கமலம்தான் காவல். கொளஞ்சிநாதன் பேன்ட் காலை மடித்துக்கொண்டிருந்தார். இன்றைக்குப் பலகையில் ஏறி நின்று காட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். நிமிர்ந்து பார்த்தால் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஆளில்லை. செங்கமலம் மகளுடைய பச்சைச் சுடிதாரில், கொண்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தேவயானியின் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தார். இவ்வளவு வருடத்தில் கணுக்காலுக்கு மேல் கடலை அறியாதவர்.

"ஏ செங்கமலம்! பாத்திரத்த யாரு பாத்துக்கறது?"

"நீங்கதான்!" என்றது காற்று.

கொளஞ்சிநாதன் பாத்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சுற்றிலும் பெண்களின் செருப்புகள். கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார், எங்கே பார்க்கிறார் என்று தெரியக்கூடாது என்பதற்காக. செங்கமலம் குப்புறப் படுத்தார். தேவயானி பின்னால் பிடித்துக்கொண்டாள். அலை வந்தது. தள்ளினாள். எல்லாரும் விழும் இடத்தில் செங்கமலம் விழவில்லை. ஒரு முழங்காலை மடித்து, கைகளைப் பருந்து மாதிரி விரித்து, ஒரு நொடி அப்படியே வந்தார். அப்புறம்தான் சரிந்தார். கடலில் இருந்த பெண்கள் கை தட்டினார்கள்.

"தாத்தா, பாத்தீங்களா?" என்று கத்தினாள் தேவயானி. "யக்கா வூட்டுலயே பழகிகினு வந்திருக்காங்க! இரும்புக் கொழாய் மேல பலகை போட்டு!"

கொளஞ்சிநாதன் கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்தப் பலகை?" என்று கேட்டார். யாருக்கும் கேட்டிருக்காது.

ஈரம் சொட்ட வந்து தன் பையைத் தேடிக்கொண்டிருந்த பட்டம்மாள் சொன்னார்: "உங்க இடுப்பு வலிப் பலகைதான் அண்ணே. நீங்க வேன் ஷெட்டுக்குப் போனதும் செங்கமலம் ஏறி நிக்குமாம். அப்பப்ப தேவயானிக்குப் போன் போட்டு, காலை எங்க வெக்கறதுன்னு கேட்டுக்குமாம். உங்களுக்குச் சொல்லலையா?"

அவர் எழுந்து வேனுக்குப் போனார். தன் சீட்டில் உட்கார்ந்தார். கடல் நேர் எதிரே தெரிந்தது. பச்சைச் சுடிதார் மறுபடி பலகையில் ஏறிக்கொண்டிருந்தது. தேவயானி குனிந்து காதில் என்னவோ சொன்னாள். செங்கமலம் சிரித்தார். முந்தானை இல்லாததால் வாயை மூடாமல், பல் முழுக்கத் தெரிய. அந்தச் சிரிப்பு வேன் வரை வந்தது.

"அண்ணே, மணி நாலாயிடுச்சி" என்றார் ஜெயகணேஷ். "இன்னிக்கு ஊதுனா யாரும் ஒன்னும் சொல்ல முடியாது. கரெக்ட் டயம்."

கொளஞ்சிநாதனின் விரல் சுவிட்சின் மேல் இருந்தது. ஒரு தட்டு. செங்கமலம் அலை நடுவில் இருந்தாலும் குதித்து ஓடி வருவார். பாத்திரத்தை எடுப்பார், முன் சீட்டில் வந்து உட்காருவார். கொளஞ்சிநாதனுக்கு அது நிச்சயமாகத் தெரியும்.

விரலை எடுத்தார். மேல் துண்டைச் சுவிட்சின் மேல் போட்டு மூடினார். "யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்பு, பையில் பேனா. அப்படியே தண்ணீருக்குள் நடந்தார். முழங்கால் முழுகிற்று. இடுப்பு முழுகிற்று.

"தாத்தா, பாத்து! பள்ளம் இருக்கு!"

"தாத்தா யாரு? அவ உனக்கு யக்கான்னா நான் மாமன். நவுரு. நான் புடிச்சிக்கறேன்."

தேவயானி சிரித்துக்கொண்டே விலகினாள். அவர் பலகையின் பின்பக்கத்தை இரண்டு கைகளாலும் பிடித்தார். செங்கமலம் திரும்பிப் பார்த்தார்.

"டயம் ஆச்சுங்களா? சங்கு ஊதலையே?"

"நீ முன்னாடி பாரு."

அலை வந்தது. "வுடுங்க மாமா, இப்ப வுடுங்க!" என்று தேவயானி கத்தினாள். அவர் விடவில்லை. அலை பலகையையும், பலகை மேல் செங்கமலத்தையும், பலகையைப் பிடித்திருந்தவரையும் ஒன்றாகச் சுருட்டி இழுத்துக்கொண்டு போய் மணலோரம் போட்டது. பேனா போயிற்று. தலையில் போட்ட மை நெற்றியில் இறங்கியது. மூக்கிலும் வாயிலும் உப்பு. அவர் எழுந்தபோது கை இன்னும் பலகையில்தான் இருந்தது. முழங்காலளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்த செங்கமலம் அவர் முகத்தைப் பார்த்தார். எல்லாருக்கும் முன்னால், முதல் ஆளாகச் சிரித்தார்.

வேன் பக்கம் ஜெயகணேஷ் மணிக்கட்டைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். கொளஞ்சிநாதன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கண்ணில் இறங்கிய மையைத் தோளால் துடைத்துக்கொண்டு, பலகையை மறுபடி ஆழத்துக்கு இழுத்துப்போனார்.