குட்டி எஞ்சினின் ஹாரன்

பழைய இரும்புக்குப் போகவிருந்த குட்டி எஞ்சினை ஏனாத்தூர் கல்லூரிப் பிள்ளைகள் மீட்டு, பெயிண்ட் அடித்து, வாசலில் மேடையேற்றியிருந்தார்கள். பெயிண்டையும் மீறி டீசல் வாடை அடித்ததும் எனக்கு ஏழு வயதாகிவிட்டது.

வாலாஜாபாத் ஆலையிலிருந்து ஸ்டேஷனுக்கு வேகன் தள்ளிய எஞ்சின் அது. டீசலை மிச்சம் பிடிக்க, சரிவில் எஞ்சினை அணைத்து உருட்டி வருவது டிரைவர் காதர் பாயின் வழக்கம். ஒரு காலையில் நான் தண்டவாள ஓரம் குந்தியிருந்தபோது அப்படித்தான் சத்தமில்லாமல் பின்னால் வந்து ஹாரன் அடித்தார். கால்சட்டையை அங்கேயே விட்டுவிட்டுக் கடைத்தெரு முழுக்க ஓடினேன்.

"எக்ஸ்பிரஸ் போவுது, வழி வுடுங்கபா!" என்று கத்தினார் பாய்.

என் மகள் கல்யாணத்தில்கூடச் சொந்தக்காரர்கள் என்னை எக்ஸ்பிரஸ் என்றுதான் கூப்பிட்டார்கள்.

எஞ்சின் திறப்பு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் அதே பாய். எஞ்சினுக்கு முன்னால் நாற்காலியில், கையில் சுடச்சுட டீ. ஹாரன் இன்னும் அடிக்கும் என்றார்கள். இத்தனை வருஷப் பகை, விடுவேனா? நைசாக மேலே ஏறி, பல்லைக் கடித்துக்கொண்டு ஹாரன் கயிற்றை இழுத்தேன்.

அந்த அலறலில் நானே கீழே குதித்து, செருப்பை விட்டுவிட்டு கேட் வரை ஓடிவிட்டேன். பாய் அசையவே இல்லை. எஞ்சின் சத்தத்தில் அவருக்குக் காது போய்ப் பல வருஷமாம். நான் ஓடியதை மட்டும் பார்த்திருக்கிறார்.

"இன்னாபா எக்ஸ்பிரஸ்," என்றார் டீயை உறிஞ்சிக்கொண்டே, "இந்த வாட்டி கால்சட்டை இருக்குதே!"