மூணு தடவை கத்தினாத்தான்

முடிச்சூர் ஆபேல் அத்தான் சாஃப்ட்வேர் இன்ஜினியர். மாடித் தொட்டி நிரம்பினால் என் அக்கா எப்சியின் குரலில் கத்தும் கருவி ஒன்றைச் செய்தார். அக்கா மாதிரியே பேசி அதில் பதிவு செய்தது நான். தண்ணீர் லேசாக ஆடினாலே, “ஏங்க, மோட்டார நிறுத்துங்க!” என்று அலறியது.

“நான் கூப்பிடவே இல்லையே!” என்று அக்கா குழம்பினாள்.

அடுத்தடுத்து மூன்று முறை அளந்தும் அதே அளவு வந்தால் மட்டும் கத்தும்படி அத்தான் கருவியை மாற்றினார்.

ஆபீஸ் கம்ப்யூட்டர்களிலும் பொய் அலாரத் தொல்லை. அதை நிறுத்தினால்தான் அத்தானுக்குப் பதவி உயர்வு. அதே வழியில் நிறுத்திவிட்டார்.

“எந்த கோர்ஸ்ல கத்துக்கிட்டீங்க ஆபேல்? ப்ரமோஷன் ஃபார்ம்ல எழுதுங்க,” என்றார் மேனேஜர்.

அத்தான் ஃபார்மோடு வீட்டில் திருதிருவென விழித்தார். “மச்சான், இதுல இன்னாடா எழுதறது?”

அக்கா எட்டிப் பார்த்தாள். “நான் மூணு தடவை கத்தினாத்தானே நீங்களே எழுந்திருக்கிறீங்க? என் பேர எழுதுங்க!”

அத்தான் பேனாவோடு என்னைப் பார்த்தார். “நெஜமாவே எழுதிடவாடா?”